கிராங்குத் தண்டின் நடுக்கம்



மோட்டார் காரில் செல்பவர்கள் அதன் எஞ்சினைப் பற்றி நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவை எழாதபடி அதனை ஆக்கி வைத்திருப்பது பொறியியலாரின் வெற்றியாகும். ஆயினும் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர்ப் பெட்ரோல் எஞ்சின் ஒன்றில் சிலிண்டரின் உட்குறுக்களவு 86 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அப்படியாயின் பிஸ்டனின் தலைப்பரப்பு ஏறத்தாழ 58 சதுர சென்டிமீட்டர். முழு விசையுடன் ஓடும் எஞ்சினில், எரிபொருள் பற்றிக்கொள்ளும்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் 50 கிலோகிராம் எடைக்கு ஒப்பான அழுத்தம் எழுதல் இயல்பு. பெருக்கினால் 2,900 கிலோகிராம். அதாவது ஏறத்தாழ மூன்று டன். நிமிடத்திற்கு 3,000 சுற்று என்னும் வேகத்தில் இத்தகைய அடி நொடிக்கு 100 முறை விழுகிறது.

இத்தனை அடியையும் வாங்கிக்கொள்வது ஒரே ஓர் எஃகுத் தண்டு. அதற்குக் கிராங்குத் தண்டு என்று பெயர். நொடிக்கு 100 முறை மூன்று டன் சம்மட்டியால் அடிக்கப்படும் ஒரு தண்டு, எவ்வாறு நடுங்காமல் சுழல்கிறது? உள்ளே அமர்ந்திருப்பவர் மடியிலே குழந்தை உறங்கும்படி எவ்வாறு ஓடுகிறது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

வானொலியிலே படம் காட்ட இயலாது. ஆதலின் நீங்கள் நன்கறிந்த மிதிவண்டியையே படமாகக் கொள்ளுங்கள். மிதிப்பவரின் முழங்கால் மேலும் கீழும் போய் வருகிறது. மிதிக்கட்டையோ வட்டமாகச் சுழல்கிறது. முழங்காலின் இடத்திலே பிஸ்டனையும், கணைக்காலின் இடத்திலே இணைப்புத் தண்டையும், மிதிக்கட்டையைத் தாங்கும் வளைந்த கையின் இடத்திலே கிராங்கையும் வைத்துப் பாருங்கள். ஏறி இறங்கும் இயக்கத்தைச் சுழலும் இயக்கமாக மாற்றுவதே கிராங்கின் தொழில். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இத்தகைய வளைவுகள் நான்கு, ஒரே தண்டில் வரிசையாக அமைந்திருக்கும்.

இத்தண்டுக்கு வரும் தொல்லைகளை வெளியிலிருந்து பார்ப்பவர் 'அதிர்வு' என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடுவர். உண்மையில் அவை மூன்று. முதலாவது, தண்டு ஒரே சீரான வேகத்தில் சுழலாமை. இரண்டாவது, ஏறி இறங்கும் பகுதிகளின் எடையால் எஞ்சின் முழுவதும் குலுங்குதல். மூன்றாவது, தண்டு தன் நீளத்திலேயே முறுகி முறுகி விடுபடுதல். மூன்றிற்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒன்றன் மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. சில சமயம் அதனை வளர்த்தும் விடும். இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணராத காலத்தில் நல்ல எஞ்சின்கள் பல முறிந்தன.

முதல் தொல்லையை விரைவாகப் பார்த்துவிடுவோம். நம் கார்களில் உள்ளவை நான்கு வீச்சு எஞ்சின்கள். ஒரு சிலிண்டர், கிராங்குத் தண்டு இரண்டு முறை சுற்றுவதற்குள் ஒரே ஒரு முறைதான் விசை தருகிறது. உறிஞ்சுதல், அழுத்துதல், வெளியேற்றுதல் ஆகிய ஏனைய மூன்று வீச்சுகளிலும் தண்டுதான் பிஸ்டனை இழுத்தும் தள்ளியும் உழைக்கிறது. ஆகவே தண்டின் வேகம் ஒரு கணம் கூடும். மறு கணம் குறையும். இதற்கு மருந்து குயவர் வீட்டிலேயே இருக்கிறது. குயவர் தம் சக்கரத்தை ஒரு கோலால் சில முறை உந்திவிட்டுக் கோலை வைத்துவிடுகிறார். விளிம்பு கனத்த அச்சக்கரம், கலயம் உருவாகி முடியும் வரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிராங்குத் தண்டின் பின்முனையில் பூட்டப்பெறும் ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரமும் அதே வேலையைச் செய்கிறது. விசை மிகும்போது அதனைச் சேமித்து வைக்கிறது. குறையும்போது எடுத்துக் கொடுக்கிறது. சிலிண்டர்கள் பலவாகும்போது அடிகளின் இடைவெளியும் சுருங்குகிறது. நான்கு சிலிண்டரில் அரைச் சுற்றுக்கு ஓர் அடி. ஆறு சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குச் சுற்றுக்கு ஓர் அடி. ஆதலால் சுழற்சி மேலும் சீராகிறது.

இனி இரண்டாவது தொல்லை. கிணற்று உருளையின் ஒருபுறத்தில் மட்டும் ஒரு கல்லைக் கட்டிவிட்டு வேகமாகச் சுற்றினால் அதனைத் தாங்கும் சட்டம் முழுவதும் ஆடும். கிராங்கின் வளைவும் அச்சை விட்டு விலகி நிற்கும் எடையே. அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் எதிர் எடை ஒன்றை வைத்துச் சரிசெய்கின்றனர். கழற்றி வைத்த கிராங்குத் தண்டைப் பட்டறையில் பார்த்தால் விசிறி போல் விரிந்து நிற்கும் கனத்த துண்டங்களைக் காணலாம். அவையே அந்த எதிர் எடைகள்.

சுற்றுகின்ற எடையைச் சுற்றுகின்ற எடையால் ஈடுசெய்தல் எளிது. ஏறி இறங்கும் பிஸ்டனை எவ்வாறு ஈடுசெய்வது? ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றொன்று இறங்கும்படி அமைப்பதே வழி. நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதலாவதும் நான்காவதும் மேலே நிற்கும்போது இரண்டாவதும் மூன்றாவதும் கீழே நிற்கும். தராசு சமமாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் முற்றும் சமமாகவில்லை. ஏன் என்று காண்போம். இது நுட்பமான இடம், சற்றே கவனமாகக் கேளுங்கள்.

பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தொலைவு 86 மில்லிமீட்டர் என்றும், இணைப்புத் தண்டின் நீளம் 145 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். கிராங்கு உச்சியிலிருந்து கால் சுற்றுச் சுற்றியிருக்கிறது. பிஸ்டன் எவ்வளவு இறங்கியிருக்கும்? பாதித் தொலைவாகிய 43 மில்லிமீட்டர் என்றே பலரும் விடை கூறுவர். அது சரியன்று. அந்நிலையில் இணைப்புத் தண்டு சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த தண்டின் செங்குத்து உயரம் அதன் நீளத்தை விடக் குறைவு. பிதகோரஸ் தேற்றத்தைப் பயன்படுத்திக் கணக்கிட்டால் பிஸ்டன் ஏறத்தாழ 49.5 மில்லிமீட்டர் இறங்கியிருப்பது தெரியும். பாதியைக் காட்டிலும் ஆறரை மில்லிமீட்டர் மிகுதி.

இதன் விளைவு யாது? இரண்டு பிஸ்டன் மேலும் இரண்டு கீழும் நிற்கும்போது அவற்றின் பொது எடைமையம் சரியாக நடுவில் இருக்கிறது. கால் சுற்றுக்குப் பின் நான்கு பிஸ்டன்களும் நடுவைத் தாண்டி ஆறரை மில்லிமீட்டர் கீழே வந்து நிற்கின்றன. மேலும் ஒரு கால் சுற்றில் எடைமையம் மீண்டும் நடுவுக்கு ஏறிவிடுகிறது. ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு பிஸ்டன்களின் எடைமையம் இரண்டு முறை இறங்கி ஏறுகிறது. நான்கு சிலிண்டர்க் கார் வேகமாக ஓடும்போது எழும் மெல்லிய குமுறலுக்கு இதுவே முக்கியமான காரணம். பள்ளியிலே படித்த செங்கோண முக்கோணம் ஒவ்வொரு காரின் உள்ளேயும் நொடிக்கு நூறு முறை தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது எனலாம்.

இதற்கு மருந்து கண்டவர் ஃபிரடெரிக் லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1868ஆம் ஆண்டு பிறந்து 1946ஆம் ஆண்டு மறைந்தவர். மோட்டார்க் கார், விமானம் ஆகிய இரு துறைகளிலும் ஆழ்ந்த அறிவு படைத்தவர். அவருடைய தொடக்ககாலக் கார்களிலேயே ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரண்டு கிராங்குத் தண்டுகளை வைத்து அதிர்வை அடக்கினார். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு அவர் கூறிய வழி இது: ஒருபுறம் மட்டும் எடை கூடிய இரண்டு சிறு தண்டுகளை எஞ்சினுக்குள் வையுங்கள், கிராங்குத் தண்டைப் போல இருமடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அவற்றைச் சுழற்றுங்கள். பக்கவாட்டில் அவை இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து அழிந்துவிடும். மேலும் கீழுமாக மட்டும் ஒன்றுசேர்ந்து பிஸ்டன்களின் குலுக்கலை எதிர்க்கும். இக்கருத்து நெடுங்காலம் பரவலாகக் கையாளப்படாமல் கிடந்தது. 1970களில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் இதனைப் புதுப்பித்தது. பின்னர்ப் பல நாட்டு நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன.

மற்றொரு வழியும் உண்டு. சிலிண்டர்களை ஆறாக்கி ஒரே வரிசையில் நிறுத்தி, வளைவுகளை 120 பாகைக்கு இவ்விரண்டாக அமைத்தால், நாம் மேலே கண்ட இருவகைக் குலுக்கலும் தாமே ஒன்றையொன்று ஈடுசெய்து மறைகின்றன. தனித் தண்டு எதுவும் தேவையில்லை. இந்தக் கணக்கு காகிதத்திலே மிக அழகானது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் ஆலந்து நாட்டு ஸ்பைக்கர் நிறுவனமும் இங்கிலாந்தின் நேப்பியர் நிறுவனமும் ஆறு சிலிண்டர்க் கார்களை வெளியிட்டன. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் 1905ஆம் ஆண்டு 30 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர்க் காரைச் செய்தது. இனி அதிர்வே இல்லை என்று எல்லோரும் எதிர்பார்த்தனர்.

நடந்ததோ வேறு. எடைகள் யாவும் சரியாக ஈடுசெய்யப்பட்ட அந்த எஞ்சின்கள் சில குறிப்பிட்ட வேகங்களில் மட்டும் கடுமையாக நடுங்கின. வேகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நடுக்கம் மறைந்துவிடும். நடுக்கம் எழும் வேகத்திலேயே தொடர்ந்து ஓட்டினால் கிராங்குத் தண்டு முறிந்துபோகும். நல்ல எஃகு, குறையற்ற வேலைப்பாடு, சரியான எடை, அப்படியிருந்தும் முறிவு. இதுதான் மூன்றாவது தொல்லை, மூன்றனுள்ளும் கொடியது.

ஈரமான வேட்டி ஒன்றை இருவர் இரு முனையிலும் பற்றிக்கொண்டு பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையை ஒருவர் அசையாமல் பிடித்திருக்க, மறு முனையை மற்றவர் முறுக்குகிறார். கிராங்குத் தண்டின் பின்முனையை ஃபிளைவீல் இறுகப் பற்றியிருக்கிறது. வேகத்தை மாற்றிக்கொள்ள மறுப்பதே அதன் இயல்பு என்று முன்பே கண்டோம். முன்முனைக்கு அருகிலுள்ள சிலிண்டர் தன் மூன்று டன் அடியை அடிக்கும்போது தண்டின் முன்பகுதி பாய முயல்கிறது, பின்பகுதி மறுக்கிறது. இடையிலுள்ள எஃகு சிறிதளவு முறுகுகிறது. அடி ஓய்ந்ததும் அம்முறுக்கு விடுபட்டு, மறுபக்கமும் சற்றுச் சென்று திரும்புகிறது. இஃது ஒரு பாகைக்கும் குறைவான அசைவாகவே இருக்கலாம். ஆனால் நிற்பதற்கு முன் அடுத்த அடி வந்துவிடுகிறது.

இங்கேதான் ஊஞ்சலை நினைவுகூர வேண்டும். ஊஞ்சலுக்குத் தனக்கென ஒரு தாளம் உண்டு. அத்தாளத்திற்கு இசையக் குழந்தைகூட மெல்லத் தள்ளினால் பெரிய மனிதரையும் உயர வீசிவிடலாம். தாளம் தவறித் தள்ளினால் வலியவர் தள்ளியும் பயனில்லை. இதனை ஒத்ததிர்வு என்று பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கிராமத்துப் பேருந்தில் குறிப்பிட்ட ஒரு வேகம் வந்ததும் கண்ணாடிச் சன்னல்கள் எல்லாம் கடகடவென்று ஒலித்து, வேகம் கூடியதும் அடங்கிவிடுவதும் இதுவே. முறுகி விடுபடும் கிராங்குத் தண்டுக்கும் அத்தகைய இயல்பான தாளம் உண்டு.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆறு சிலிண்டர்த் தண்டு நொடிக்கு 300 முறை முறுகி விடுபடும் இயல்புடையது என்க. ஆறு சிலிண்டரில் சுற்றுக்கு மூன்று அடி. நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 சுற்று, 300 அடி. தாளம் பொருந்திவிட்டது. அவ்வளவு வேகமாக ஓட்டாவிட்டால் தப்பிக்கலாமே என்பீர்கள். தப்பிக்க இயலாது. தம்புராவின் ஒரே தந்தியில் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் எழுவது போல, சிலிண்டரின் அடியிலும் இருமடங்கு, மும்மடங்கு வேகமுள்ள அதிர்வுகள் கலந்திருக்கின்றன. ஆகவே 3,000 சுற்றில் அந்த இருமடங்கு அதிர்வும், 2,000 சுற்றில் மும்மடங்கு அதிர்வும் அதே 300ஐ எட்டிவிடும். அவ்வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் எஃகு 10,80,000 முறை முறுகி விடுபடுகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்து ஒடிப்பதை நீங்கள் செய்திருப்பீர்கள். எஃகுக்கும் அத்தகைய சோர்வு உண்டு.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. தண்டின் முன்முனை மிகுதியாக அசைகிறது. ஃபிளைவீலை அடுத்த பகுதி மிகக் குறைவாகவே அசைகிறது. ஆயினும் முறுக்கின் பளு மிகுவது அந்த அசையாத பகுதியை அடுத்தேயாகும். வேட்டி பிழியும்போதும் அசையாமல் பிடித்திருப்பவர் கையில்தான் முழு முறுக்கும் வந்து தாக்குகிறது அல்லவா? ஆதலின் நோய் ஓரிடத்தில் தோன்றும். முறிவு வேறோரிடத்தில் நிகழும். ஃபிளைவீலை இன்னும் கனமாக்கினால் தீருமா? தீராது. முதல் தொல்லைக்கு மருந்தாகிய அது, இங்கே தண்டை மேலும் இறுகப் பற்றி நிற்குமேயன்றி முறுக்கைத் தடுக்காது.

மருந்து இருவகை. ஒன்று, தண்டைத் தடிக்கச் செய்து அதன் தாளத்தை எஞ்சினின் வேகங்களுக்கு அப்பால் உயர்த்திவிடுதல். உருண்டைத் தண்டின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் விறைப்பு இரண்டு மடங்காகிவிடும். 1906ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் வெளியிட்ட 40/50 குதிரைத்திறன் கார், பிற்காலத்தில் 'சில்வர் கோஸ்ட்' என்று புகழ்பெற்றது. அதன் ஆறு சிலிண்டர்த் தண்டைத் தடித்ததாகச் செய்து ஏழு தாங்கிகளில் ஹென்றி ராய்ஸ் அமர்த்தினார். எனினும் தடிமனுக்கும் ஓர் எல்லை உண்டு. எடையும் உராய்வும் கூடிவிடும்.

மற்றொரு மருந்து நயமானது. நடுக்கத்தை எதிர்த்துப் போரிடாமல், அதன் ஆற்றலை வெளியே எடுத்துவிடுதல். மிகுதியாக அசையும் முன்முனையிலே ஒரு சிறு கனத்த வளையத்தை வையுங்கள். அதனைத் தண்டோடு இறுகப் பூட்டாமல் சற்றே வழுக்கும்படி வையுங்கள். தண்டு சீராகச் சுழலும் வரை வளையமும் உடன் சுழலும். தண்டு நடுங்கத் தொடங்கினால், கனத்த வளையம் நடுங்க மறுத்துத் தன் சீரான வேகத்தையே பற்றி நிற்கும். இரண்டிற்கும் இடையே உராய்வு எழும். நடுக்கத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றிலே கலந்துவிடும். முன்னர்க் கூறிய லாஞ்செஸ்டரும் ராய்ஸும் இவ்வழியை அக்காலத்திலேயே கையாண்டனர்.

இதனை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பச்சை முட்டை ஒன்றையும் நன்றாக வேகவைத்த முட்டை ஒன்றையும் மேசைமேல் சுற்றிவிடுங்கள். வெந்த முட்டை நெடுநேரம் சுழலும். பச்சை முட்டை விரைவில் தளர்ந்து நிற்கும். ஓடு சுழல, உள்ளேயுள்ள கூழ் பின்தங்க, இரண்டிற்குமிடையே உராய்வு ஆற்றலை உண்டுவிடுகிறது. இன்று கனத்த டீசல் எஞ்சின்கள் பலவற்றின் முன்முனையில் உள்ள தணிப்பானும் கிட்டத்தட்ட ஒரு பச்சை முட்டையே. மூடிய உறைக்குள் கனத்த வளையம் ஒன்று கிடக்கும். இடையிலுள்ள மெல்லிய சந்தில் தேனை விடப் பன்மடங்கு கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் நிறைந்திருக்கும். வெப்பம் ஏறினாலும் மற்ற எண்ணெய்களைப் போல அது வெகுவாக நீர்த்துப்போவதில்லை என்பதாலேயே அதனைத் தேர்ந்தெடுத்தனர்.

கார்களில் பெரும்பாலும் எண்ணெய்க்குப் பதிலாக ரப்பர் இருக்கிறது. நடுவிலே தண்டோடு பூட்டிய குடம். வெளியே கனத்த இரும்பு வளையம். இரண்டையும் இணைக்கும் ரப்பர்ப் பட்டை. இவ்வளையத்திற்கும் ரப்பருக்கும் சேர்த்து ஒரு தாளம் உண்டு. அதனைத் தண்டின் தாளத்திற்கு அருகிலேயே அமைத்துவிடுகின்றனர். தண்டு ஒரு திசையில் முறுகும்போது வளையம் எதிர்த்திசையில் இழுக்கிறது. ஓரிடத்தில் குவிந்து நின்ற பெரிய நடுக்கம் இரண்டு சிறிய நடுக்கங்களாகப் பிரிகிறது. அவ்விரண்டையும் ரப்பரின் உள் உராய்வு அடக்கிவிடுகிறது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது வண்டி பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய பட்டறைக்குச் சென்றிருந்தேன். முறிந்த கிராங்குத் தண்டு ஒன்று மேசைமேல் கிடந்தது. முறிவு கடைசி வளைவுக்கு அருகில், ஃபிளைவீல் பக்கத்திலே இருந்தது. உரிமையாளர் அதற்குச் சில மாதங்களுக்கு முன் வேறோரிடத்தில் முன்முனைப் புல்லியை மாற்றியிருக்கிறார். பழைய புல்லியில் ரப்பர் வெடித்திருந்ததாம். ரப்பர் எதற்கு என்று கருதி, ஒரே இரும்பாலான புல்லியைக் கடைந்து மாட்டிவிட்டனர். "ஐயா, பெல்ட் சரியாகத்தானே ஓடியது? வண்டி நின்றபடி ஓடும்போது ஓர் ஆட்டமும் இல்லையே?" என்று அங்கே வேலை செய்த இளைஞர் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நின்றபடி மெல்ல ஓடும் வேகத்திலே தண்டின் தாளம் பொருந்துவதில்லை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும்போதுதான் அது பொருந்தியிருக்க வேண்டும். பெல்ட்டை ஓட்டுவது அந்தப் புல்லியின் இரண்டாவது வேலை. தண்டின் நடுக்கத்தை உண்பதே முதல் வேலை. பட்டறைகளில் அதற்குப் 'பாலன்சர்' என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. சமன் செய்வது அதன் தொழிலன்று, தணிப்பதே தொழில். பெயர் தவறினால் கருத்தும் தவறிவிடுகிறது.

இன்னும் நுட்பமான ஒரு தணிப்பானைக் குறிப்பிட்டு முடிக்க விரும்புகிறேன். ரப்பர்த் தணிப்பான் ஒரே தாளத்திற்கு அமைந்தது. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் தன் தாளத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் கருவி கிடைத்தால் எவ்வளவு நன்று! அது ஊசலாகும். சுவரில் தொங்கும் கடிகார ஊசலைப் புவியின் ஈர்ப்பு இழுக்கிறது. அதன் தாளம் மாறுவதில்லை. அதே ஊசலைச் சுழலும் தண்டிலே தொங்கவிட்டால் அதனை இழுப்பது மையவிலக்கு விசை. அவ்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஊசலின் தாளமோ விசையின் வர்க்கமூலத்திற்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே தாளம் வேகத்தோடு ஒரே விகிதத்தில் ஏறி இறங்கும். சுற்றுக்கு இரண்டு அசைவு என அமைத்துவிட்டால் எந்த வேகத்திலும் சுற்றுக்கு இரண்டு அசைவுதான். 1930களில் விமான எஞ்சின்களைக் காத்த இவ்வூசல், இந்த நூற்றாண்டிலே கார்களுக்குள்ளும் வந்திருக்கிறது. 1980களின் நடுவிலிருந்து பரவிய, இரு துண்டாகப் பிளந்து இடையே வில்சுருள் வைத்த ஃபிளைவீலுக்குள் அதனை அமைக்கின்றனர். எஞ்சினின் நடுக்கம் பற்சக்கரப் பெட்டிக்குச் சென்று ஒலி எழுப்பாமல் அது தடுக்கிறது.

மின்சாரக் கார்கள் பெருகிவரும் இந்நாளில் கிராங்குத் தண்டைப் பற்றி ஏன் கற்க வேண்டும் என்று சிலர் எண்ணலாம். மின்மோட்டாரில் கிராங்கு இல்லை என்பது மெய்யே. ஆனால் சுழலும் தண்டு உள்ள இடமெல்லாம் முறுக்கும் தாளமும் உண்டு. கப்பலின் நீண்ட தண்டிலும், மின்நிலையத்தின் டர்பைனிலும், காற்றாலையிலும் பொறியியலார் இதே மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: சுழற்சி சீராக இருக்கிறதா? எடை சமமாக இருக்கிறதா? முறுக்கின் தாளம் எங்கே பொருந்துகிறது?

ஆகவே மாணவர்களே, விடுமுறையில் ஓர் எளிய ஆய்வைச் செய்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியில் ஒரு மரவட்டைத் தொங்கவிட்டுச் சற்றே முறுக்கி விடுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை முறுகி விடுபடுகிறது என எண்ணுங்கள். கம்பியைப் பாதியாகக் குறுக்கி எண்ணுங்கள். இருமடங்கு தடித்த கம்பியில் எண்ணுங்கள். பின்னர் மரவட்டின் அடியில் சில தகரச் சிறகுகளைப் பொருத்தி, அவை மட்டும் ஒரு கிண்ணத்து எண்ணெயில் முழுகும்படி வைத்து, அசைவு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று பாருங்கள். எண்களை எழுதி வைத்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின்களை நடுங்க வைத்த அதே விதியையும், அந்நடுக்கத்தை அடக்கிய அதே மருந்தையும் உங்கள் கைகளாலேயே அளந்திருப்பீர்கள்.